மொட்டைப்பாறை வரைக்கும்

இந்த ஏற்றத்துக்குப் போய் ‘மிதம்’ என்று எந்த மடையன் போட்டான் என்று குமரேசன் மறுபடியும் பல்லைக் கடித்தான், போட்டது தான்தான் என்று நன்றாகத் தெரிந்திருந்தும். பத்தடி முன்னால் சாந்தாமணி போய்க்கொண்டிருந்தாள். கல்யாணமாகி, மகள் பிறந்து, அந்த மகளையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இத்தனை காலத்தில் அவன் ஆட்களைக் கூட்டிப்போகும் மலைக்கு அவன் மனைவி வருவது இதுதான் முதல் தடவை. முதுகில் மகள் விட்டுப்போன நீலப் பை, கையில் மூங்கில் குச்சி, தலையில் வெயிலுக்குக் கட்டிய துண்டு. அவளுக்கு முன்னால் கோயமுத்தூரிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் காசு கட்டி வந்தவர்கள் வரிசையாக வளைவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் முன்னால் வழிகாட்டி செபாஸ்டின். கடைசி ஆளுக்குப் பின்னால் வருவது குமரேசனின் வேலை. யார் கடைசியோ அவருடைய குதிகாலைப் பார்த்துக்கொண்டே ஆயுளில் பாதியைக் கழித்தவன் அவன். இன்றைக்குக் கடைசி ஆள் சாந்தாமணி, இதயக்குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்து முழுசாக ஒரு வருஷம்கூட ஆகாத சாந்தாமணி. மேலே மொட்டைப்பாறை வருகிறது. அங்கே போனதும் அவன் முடிவு சொல்லியாக வேண்டும். பாறைக்கு இடதுபக்கம் பழைய எஸ்டேட் ரோடு, அதில் ஜீப் நிற்கும், முடியாதவர்கள் ஏறி ஊர் போய்ச் சேரலாம். வலதுபக்கம் அணைத்தண்ணீர் வரைக்கும் ஒரே சறுக்கல். இறங்கிவிட்டால் அதில் திரும்ப ஏற முடியாது, படகில் துடுப்புப் போட்டுத்தான் வெளியே வர வேண்டும், போன் எடுக்காது, கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது. அதில் இவளை இறக்குவதா, ஜீப்பில் ஏற்றுவதா? வேறு யாராக இருந்தாலும் இந்நேரம் அவனுக்குத் தெரிந்திருக்கும். இவள் விஷயத்தில் ஒரு எழவும் தெரியவில்லை.

கஷ்டமா, கஷ்டமா, கஷ்டமா! போனை எடுத்தால் இதே கேள்விதான். சார், இந்த ட்ரிப் கஷ்டமா? எனக்குப் பத்து வயசுப் பையன் இருக்கான், கஷ்டமா? மாமியாரைக் கூட்டிட்டு வரலாமா, கஷ்டமா? மெஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு குழம்பு காரமா என்று கேட்கிற மாதிரி. யார் நாக்குக்குக் காரம்? குமரேசன் முதலில் இதற்கெல்லாம் ஒழுங்காகத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். எவ்வளவு ஏற்றம், பை எவ்வளவு கனம், வழியில் தண்ணீர் உண்டா, முந்தின நாள் மழை பெய்ததா, காற்று எந்தப் பக்கம். கேட்கிறவர்கள் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சரி சார், ஆனா கஷ்டமா என்பார்கள். கம்பெனி முதலாளிக்கோ ஒரே வார்த்தையில் வேண்டும். எளிது, மிதம், கடினம், இந்த மூன்றில் ஒன்றைச் சொல்லுங்க குமரேசன், ஜனங்களுக்கு மூணுதான் புரியும். கடினம் என்று போட்டால் ஒருத்தன் வரமாட்டான், எளிது என்று போட்டால் செருப்போடு வருவான். ஆகவே மிதம். மலை முழுக்க மிதம். அட்டைக் காடு மிதம், வழுக்குப் பாறை மிதம், எதிர்க்காற்றில் துடுப்புப் போடுவது மிதம். இதில் இன்னொரு கூத்து, ட்ரிப் எப்படி இருந்தது என்று கேட்கிற நேரம். எல்லாம் முடிந்து, அணைக்கரையில் சூடாக டீயும் பஜ்ஜியும் கையில் கொடுத்துவிட்டு, எப்படிங்க இருந்துச்சு என்று கேட்பது கம்பெனி வழக்கம். பஜ்ஜி தின்கிற வாய் கஷ்டம் என்று சொல்லுமா? ஒண்ணுமே தெரியலீங்க, ஈஸிதான் என்று சொல்லும், முந்தின நாள் பாறையில் உட்கார்ந்து அழுத வாய். பாதியில் ஜீப் ஏறிப் போனவர்களுக்கு டீயும் கிடையாது, அவர்களை யாரும் கேட்பதும் கிடையாது. பாதியில் திரும்பாமல் கடைசிவரை வந்தவர்களை மட்டும் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு இந்த மலையின் கஷ்டத்தை முடிவு செய்திருக்கிறார்கள். அதைக் குமரேசன் ஒரு தடவை முதலாளியிடம் சொன்னான். திரும்பிப் போறவங்ககிட்ட கேட்டா நல்லாவா சொல்லுவாங்க குமரேசன் என்றார் முதலாளி.

சாந்தாமணி ஒரு வேரில் கால் வைத்து ஏறினாள். குச்சியைச் சரியான இடத்தில்தான் ஊன்றினாள். யார் சொல்லிக்கொடுத்தது? அவன் சொல்லித்தரவில்லை. அவன் எதுவுமே சொல்லித்தரவில்லை, வராதே என்பதைத் தவிர. சாப்பாட்டுத் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டே, அடுத்த வாரம் போறீங்கல்ல, அதுல நானும் வரேன் என்றாள். ரசத்தைக் கையில் அள்ளியவன் அப்படியே நிறுத்தினான். அது உனக்கு ஆகாது, அது மிதம் என்றான். டாக்டரும் மிதமாத்தான் நடக்கச் சொன்னாரு என்றாள். அந்த டாக்டர்! குமரேசன் அவரிடம் போய் நின்று எத்தனை கேள்வி கேட்டான், எந்தக் குழாய், எத்தனை சதவீதம் அடைப்பு, இனிமேல் என்ன நடக்கலாம், எவ்வளவு ஏறலாம், பை தூக்கலாமா. எல்லாவற்றுக்கும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே மிதமா நடக்கலாம், மிதமா எல்லாம் பண்ணலாம் என்றார். மிதமா என்றால் எவ்வளவு சார் என்று கேட்டதற்கு, அவங்களுக்கே தெரியும் என்றார். அவங்களுக்கே தெரியுமாம். அவங்களுக்கே தெரிந்தால் அப்புறம் டாக்டர் எதற்கு, குமரேசன் எதற்கு? தனக்கு என்ன முடியும் என்று தெரிந்த ஒரு மனுஷனையாவது அவன் இந்த மலையில் பார்த்திருக்கிறானா? முன்னால் போகிறாரே நந்தகோபால், பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டையர் ஆனவர், நேற்று ஜீப்பிலிருந்து இறங்கியதிலிருந்து தினமும் ரேஸ்கோர்ஸைச் சுற்றி நடப்பதைப் பற்றியே பேசினார். இப்போது பேச்சையே காணோம்.

அந்த நாளை நினைக்கக்கூடாது என்றுதான் குமரேசன் நினைப்பான், ஆனால் பின்னால் நடக்கிறவனுக்கு நினைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அன்றைக்கு அவன் இதே ட்ரிப்பில் இருந்தான். விடியற்காலை அவளுக்கு நெஞ்சில் வலி. அவனுக்குப் போன் போட்டிருக்கிறாள், போகவில்லை, மறுபடி போட்டிருக்கிறாள். அப்புறம் தானே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய், தானே கையெழுத்துப் போட்டுப் படுத்திருக்கிறாள். அவன் மறுநாள் சாயங்காலம் அணைக்கரைக்கு வந்து, சிக்னல் கிடைத்து, போன் சட்டைப்பையில் விடாமல் கத்தியபோதுதான் தெரியும். ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் இட்லி தின்றுகொண்டிருந்தாள். இப்ப எப்படி இருக்குது என்றான். ம் என்றாள். வலி இருக்குதா என்றான். இல்லீங்க என்றாள். உதட்டைப் பார்த்தான், நகத்தைப் பார்த்தான், நிறமெல்லாம் நன்றாக இருந்தது, நிம்மதியாக டாக்டரைப் பார்க்கப் போய்விட்டான். அதோடு சரி. அவள் அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை, அவனும் கிளறவில்லை. பேசாமல் இருப்பது நல்லதுதானே, மனசை அலட்டிக்கொள்ளக்கூடாது என்றுதானே டாக்டரும் சொன்னார்!

“சாந்தா, காலைல என்ன சாப்ட்டே?”

“உப்புமா.”

சனியன். இதுதான் அவனுடைய சோதனை. நாடி பார்க்கிற மெஷின் விரலில் மாட்டினால் ஏதாவது ஒரு எண் சொல்லும், அதை நம்பி ஒருத்தரை மலையில் ஏற்ற முடியாது. அவன் நம்புவது பேச்சை. ஏற்றத்தின் நடுவில் பக்கத்தில் போய், காலைல என்னங்க சாப்ட்டீங்க என்று சாதாரணமாகக் கேட்பான். உப்புமாவைக் கிண்டிப் போட்டவனே அவன்தான் என்பதுகூட யாருக்கும் உறைக்காது. நல்ல மூச்சு இருக்கிறவர்கள், உப்புமாதானே சார் போட்டீங்க, எங்க வீட்ல ரவையை நல்லா வறுத்துட்டுத்தான் போடுவோம், இது கொஞ்சம் களி மாதிரி இருந்துச்சு என்று முழுசாகக் குறை சொல்வார்கள். குறை வந்தால் ஆள் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். ‘உப்புமா’ என்று ஒற்றை வார்த்தையில் நின்றால் உட்கார வைக்க வேண்டும். ‘ம்’ என்று தலையை ஆட்டினால் பையை வாங்கிக்கொண்டு ஜீப்புக்கு அனுப்பிவிட வேண்டும். இதுவரை இந்தச் சோதனை தப்பியதில்லை. இப்போது தப்புகிறது. ஏனென்றால் சாந்தாமணி வீட்டில், மின்விசிறிக்குக் கீழே, சோபாவில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போதே அவனிடம் ஒற்றை வார்த்தையில்தான் பேசுகிறாள். காபி? ம். கரண்ட் பில் கட்டியாச்சா? ஆச்சு. பாப்பா பேசுனாளா? பேசுனா. எப்போதிலிருந்து இப்படி என்று யோசித்தால் அவனுக்குப் பிடிபடவில்லை. ஸ்டென்டுக்கு அப்புறமா, அதற்கும் முன்னாலேயா? அவன் மாதத்தில் பாதி மலையில் கிடப்பவன், வீட்டுக்கு வந்தால் தூங்குபவன், அவனுக்கு எப்படித் தெரியும்? இந்த ‘உப்புமா’ மூச்சு முட்டிய உப்புமாவா, இல்லை அவனுக்கென்றே எடுத்து வைத்த உப்புமாவா? காது கொடுத்துக் கேட்டான். அவள் மூச்சு கேட்டது. ஏறும்போது யாருக்கும்தான் மூச்சு கேட்கும். அவனுடையதே கேட்கிறது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஊரில் உள்ளவன் மூச்சையெல்லாம் கணக்காகச் சொல்லத் தெரியும், ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவள் மூச்சு தெரியவில்லை!

“கால் வலிக்குதா?”

“இல்லீங்க.”

“தண்ணி?”

“ம்.”

வேண்டுமா, வேண்டாமா? ம் என்றால் என்ன? பாட்டிலை நீட்டினான். அவள் திரும்பாமலே கையை ஆட்டினாள். சரி, வேண்டாம். வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லித் தொலைக்கலாமே. இவளை ஜீப்பில் அனுப்பிவிட வேண்டியதுதான். ரிஸ்க் எடுக்க முடியாது. ஆனால் அனுப்பினால்? முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தான். முகம் மாறவே மாறாது, அதுதான் பயமாக இருந்தது. சரிங்க என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். அப்புறம் அந்த ஒற்றை வார்த்தையும் வராது. இறக்கிவிட்டால்? பாதிச் சரிவில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்? படகு இருக்கிற இடத்துக்குத் தூக்கிப் போக வேண்டும், அப்புறம் முழுத் தண்ணீரையும் தாண்ட வேண்டும், சாயங்காலம் எதிர்க்காற்று அடிக்கும். படகு என்றால் சொகுசு என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உட்கார்ந்துதானே போறோம் சார் என்கிறார்கள். எதிர்க்காற்றில் ஒரு மணி நேரம் துடுப்புப் போட்டால் தெரியும். தோள் போவதைவிட மோசம், கூட உட்கார்ந்த ஆள்மேல் வருகிற எரிச்சல். முன்னால் இருக்கிறவருக்குப் பின்னால் இருக்கிறவர் போடுகிறாரா, சும்மா இருக்கிறாரா என்று தெரியாது. பின்னால் இருக்கிறவருக்கு முன்னால் இருக்கிறவர் முதுகு மட்டும்தான் தெரியும். அதனால் புருஷன் பெண்டாட்டியை ஒரே படகில் ஏற்றக்கூடாது என்று அவனே செபாஸ்டினுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறான். நடுத்தண்ணீரில் துடுப்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் உட்கார்ந்த ஜோடிகளை அவன் பார்த்திருக்கிறான். கரையில் சிரித்துச் சிரித்து போட்டோ எடுத்த ஜோடிகள். இந்தக் கஷ்டத்தையெல்லாம் எளிது, மிதம், கடினம் மூன்றில் எதில் போடுவது?

வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து செபாஸ்டின் கூப்பிட்டான். நந்தகோபாலின் ஷூவின் அடிப்பாகம் முழுசாகப் பெயர்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்ததாம். வருஷக்கணக்காகப் பெட்டியில் கிடந்த ஷூ, பசை காய்ந்து போயிருக்கும். கிளம்பும் முன்னால் பார்க்கச் சொன்னால் எவன் பார்க்கிறான்? குமரேசன் சாந்தாமணியைத் தாண்டி ஏறினான். தாண்டும்போது அவள் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தான். வியர்வை, சிவப்பு, உதடு பரவாயில்லை. நந்தகோபாலை உட்கார வைத்துக் காலைத் தன் மடியில் எடுத்துவைத்து, கயிற்றால் ஷூவை வரிந்து கட்டத் தொடங்கினான். காலைல என்னங்க சார் சாப்ட்டீங்க என்று பழக்கதோஷத்தில் கேட்டான். அவர் வாயைத் திறந்து மூடினார். இந்த ஆளுக்கு ஜீப்தான், அதில் சந்தேகமில்லை. ஈரோட்டுப் பெண் ரெஹானா, தனியாக வந்திருப்பவள், இவர்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்ததால் கீழே வளைவிலேயே நின்றுவிட்டிருந்தாள். அவளை சாந்தாமணி எட்டிப் பிடித்திருக்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து மெதுவாக ஏறி வருவது தெரியவில்லை, கேட்டது. நடுவில் புதர்.

“…எங்க குடியிருப்புல மூணு மாடி கண்ணு, லிஃப்ட் இருக்குது, ஆனா நான் அதுல ஏற மாட்டேன். மொதல்ல ஒரு மாடி ஏறி உக்காந்துக்குவேன். அப்புறம் ரெண்டு. அப்புறம் அரிசிப் பையைத் தூக்கிட்டு ஏறுனேன், பக்கத்து வீட்டுக்காரி என்ன சாந்தாக்கா, அரிசி மேலயும் போகுது கீழயும் வருது, யாருக்குக் கொண்டு போறீங்கன்னு கேட்டா. எனக்குத்தான்னேன்.”

ரெஹானா சிரித்தாள். “சார் ஒண்ணும் சொல்லலீங்களா அக்கா?”

“அவருக்கு எங்க தெரியும்? அவரு இங்கல்ல இருப்பாரு.”

“இத்தனை வருசம் வராம இப்ப எதுக்குக்கா வந்தீங்க? உடம்பு சரியில்லாம ஆனப்புறம்?”

குமரேசன் கயிற்றை முடிச்சுப் போடாமல் நிறுத்தினான்.

“அன்னிக்கு நெஞ்சு வலிக்கறப்ப போன் போட்டேன் கண்ணு. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்காருன்னு ஒரு பொம்பள சொன்னா. மறுபடி போட்டேன், மறுபடியும் அதையே சொன்னா. ஆட்டோல போறப்ப அதையேதான் நெனச்சுட்டுப் போனேன். அந்த எல்லைக்கு வெளிய அப்படி என்னதான் இருக்குது, ஒருக்கா போய்ப் பாத்துடோணும்னு. செத்துட்டா பாக்க முடியாதல்ல!” சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். ஏற்றத்தில், பையோடு, நடுவில் எங்கும் நிற்காமல்.

நன்றாக இருக்கிறாள். குமரேசனுக்கு முதலில் தோன்றியது அதுதான், இத்தனை வருஷத் தொழில் புத்தி. இவ்வளவு நீளமாக, சிரிப்போடு, மூச்சு அறுபடாமல் பேசுகிறவள் இந்தச் சரிவில் தாராளமாக இறங்குவாள். நெஞ்சில் கோளாறில்லை. அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடா முடிவதற்குள் அடுத்தது வந்து மண்டையில் அடித்தது. அப்படியானால் அந்த ‘ம்’ எல்லாம்? மூச்சு இருந்தது, பேச்சு இருந்தது, சிரிப்புகூட இருந்தது. அவனுக்குத்தான் இல்லை. நேற்று ஜீப்பில் பார்த்த ஒரு பெண்ணுக்கு இருந்தது. கோபப்படலாமா என்று பார்த்தான், கொஞ்சம் கோபப்பட்டான்கூட. வீட்டில் என்ன குறை வைத்தேன், மாசம் பிறந்தால் சம்பளம் கொண்டுவந்து கொடுக்கவில்லையா, மருந்து மாத்திரை வேளைக்கு எடுத்துக்கொள்கிறாளா என்று பார்க்கவில்லையா. பார்த்தான், பார்த்தான், எல்லாவற்றையும் பார்த்தான். எரிச்சல் யார்மேல் என்று தெரியாமல் ஷூவின் மேல் காட்டினான். கயிற்றை இறுக்கியதில் நந்தகோபால் ஆவென்றார்.

மொட்டைப்பாறையில் எப்போதும் போலக் காற்று. நந்தகோபால் இடதுபக்கம் ஜீப்பைப் பார்த்தபடி, தனக்கு ஒன்றும் இல்லை, ஷூதான் துரோகம் பண்ணிவிட்டது என்று எல்லோருக்கும் விளக்கிவிட்டுப் போனார். செபாஸ்டின் மற்றவர்களை வலதுபக்கம் ஒவ்வொருவராக இறக்கத் தொடங்கினான். ரெஹானாவும் இறங்கினாள். சாந்தாமணி மட்டும் பாறையில் நின்றாள், தீர்ப்புக்கு நிற்கிறவள் மாதிரி இல்லாமல், பஸ்ஸுக்கு நிற்கிறவள் மாதிரி.

“நீ வரலாம்,” என்றான் குமரேசன். அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. “அந்தப் புள்ளகிட்ட அத்தனை பேசறே. நான் கேட்டா ம்-ங்கறே.”

“அந்தப் புள்ள பதில் வேணும்னு கேக்குது,” என்றாள் அவள். சாதாரணமாகத்தான் சொன்னாள். “நீங்க மூச்சு இருக்குதான்னு பாக்கறதுக்குக் கேக்கறீங்க.”

கீழே அணைத்தண்ணீர் மலைகளுக்கு நடுவில் வளைந்து வளைந்து கிடந்தது, வெயில் பட்ட இடம் வெள்ளை, படாத இடம் பச்சை. அவள் தன் போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னல் போயிருந்தது. போனைப் பைக்குள் போட்டாள்.

“அன்னிக்கு எங்க இருந்தீங்க?”

எங்கேயோ என்று சொல்லியிருக்கலாம். கையை நீட்டி, தண்ணீர் வளைகிற இடத்தில் இருந்த மணல்திட்டைக் காட்டினான்.

“என்ன பண்ணிட்டு இருந்தீங்க?”

“டீ போட்டுட்டு இருந்தேன்.” அதுவும் உண்மைதான். அந்த சீசனிலேயே நல்ல கூட்டம் அது. அன்று காலை எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். போன் தொல்லையில்லாமல் என்ன நிம்மதி என்று யாரோ சொல்ல, அவனும் ஆமாம் என்று தலையாட்டினான். அதை அவளிடம் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் தெரிந்துவிடும் போலிருந்தது, அவள் அந்தத் திட்டை அவ்வளவு நேரம் பார்த்தாள்.

“அழகாத்தான் இருக்குது,” என்றாள்.

திட்டினால்கூடத் தாங்கியிருப்பான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமாகவும் இருந்தது. கேட்க வேண்டிய கேள்வி இத்தனை நாள் எங்கே போயிருந்தது என்று தெரியவில்லை, அந்த இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டியது, இப்போது வந்தது. அவள் உதட்டைப் பார்க்காமல், நகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

“பயமா இருந்துச்சா, சாந்தா?”

அவள் குச்சியைக் கை மாற்றினாள்.

“இருந்துச்சு. இன்னமும் இருக்குது. நீங்க முன்னால எறங்குங்க, நான் பின்னால வரேன்.”

“கடைசி ஆளுக்குப் பின்னாலதான் நான்…”

“எறங்குங்க.”

இறங்கினான். முதல் தடவையாகப் பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டு இறங்கினான். சரளைக்கல் சறுக்கியது, திரும்பிப் பார்க்க வழியில்லை, பார்த்தால் விழுந்து தொலைய வேண்டியதுதான். அவள் நிறம் என்ன, கால் எங்கே வைக்கிறாள், ஒன்றும் தெரியவில்லை. குச்சி கல்லில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் அவள் குரல் கேட்டது.

“அன்னிக்கு அடுப்புல பால் வெச்சிருந்தேன்,” என்று ஆரம்பித்தாள்.